நீ போய்ப் பாத்துட்டு வா

ஊருக்குப் போன் போட வேண்டும் என்றால் அந்த அக்கா எங்கள் பலகைத் தடுப்பைத் தட்டுவாள். நான் வெளியே வந்ததும் நம்பரை அவளே அழுத்துவாள். மணி அடிக்கத் தொடங்கியதும் போனை என் கையில் திணித்துவிடுவாள்.

“நீ மொதல்ல பேசுட்டி. அம்மா கொரலு எப்படி இருக்குன்னு பாரு.”

எனக்குத் தெரிந்தவர்களிடம் பேசவே நாலு தடவை யோசிக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு கிழவியிடம் என்ன பேசுவது? “நான் பக்கத்து ரூமும்மா… எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று திக்கித் திக்கிக் கேட்பேன். அக்கா தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சேலைத் தலைப்பு வாயில் இருக்கும். நான் தலையை ஆட்டியதும் போனைப் பிடுங்கி, “எம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள்.

துபாய்க்குப் பக்கத்து ஊரில், ரோலா என்ற இடத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வில்லாவில் இருந்தோம். பலகை அடித்து ஆறாகப் பிரித்த வீடு. அக்காவும் அவள் புருஷனும் ஒரு தடுப்பில், நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த தடுப்பில். அங்கே இருமினால் இங்கே தண்ணீர் எடுத்து வைப்போம், அவ்வளவு பக்கம். அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குத் திண்டுக்கல். அவள் புருஷனை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

அக்காவைப் பயந்தவள் என்று சொன்னால் அந்த வில்லாவில் யாரும் நம்பமாட்டார்கள். மீன் மார்க்கெட்டில் வங்காளிப் பையன் பழைய மீனைக் கலந்துவிட்டால், செவுளைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே காட்டுவாள். “பாய், இத உங்க அம்மாவுக்குக் குடுப்பியா?” தமிழிலேயே கேட்பாள். அவனுக்கும் புரிந்துவிடும். காலையில் குளியலறைக்கு ஆண்கள் வரிசை கட்டி நின்றாலும் வாளியோடு நடுவில் புகுந்துவிடுவாள். “பொம்பளைக்கு டூட்டி இல்லையா? தள்ளுங்க.”

ஆனால் ஒரு சேதி வரப்போகிறது என்றால் போதும், அவள் கையும் காலும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். நல்ல சேதியா கெட்ட சேதியா என்பதெல்லாம் இல்லை. தெரியாத எதையும் அவள் முதலில் பார்க்கமாட்டாள். குழம்பில் உப்பு பார்க்கக்கூட ஆள் தேடுவாள். “நீ போய்ப் பாத்துட்டு வா.” “நீ கேட்டுட்டுச் சொல்லு.” ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லிவிடுவாள்.

அண்ணாச்சி சைட்டில் சாரத்திலிருந்து விழுந்த அன்று நானும் அவளும்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வெளியே வரும் நேரம் பார்த்து, “இந்தத் தூக்குவாளியக் கழுவிட்டு வாரேன்” என்று போய்விட்டாள். டாக்டர் சொன்னதை மலையாள நர்ஸ் எனக்குப் புரியவைத்தாள். நான் பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே குழாய் கொட்டுகிறது. தட்டினேன். குழாயை நிறுத்தாமலே கேட்டாள்.

“காலு இருக்கா?”

“இருக்குக்கா. கட்டுப் போட்டிருக்காங்க.”

“உசுரு?”

“ஐயோ, நல்லா இருக்காருக்கா. டீ கேட்டாராம்.”

அதற்குப் பிறகுதான் குழாய் நின்றது. வெளியே வந்தவள் அந்தத் தூக்குவாளியை என் தலைக்கு நேரே ஓங்கினாள். “டீ கேட்டாருன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. நாங்கள் வந்திருந்ததோ விசிட் விசாவில். வேலை விசா வேண்டுமானால் ஒரு தடவை நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். அப்போது எங்களைப் போன்றவர்களை அனுப்புகிற இடம் கிஷ். கடலுக்கு அந்தப் பக்கம் ஈரானைச் சேர்ந்த சின்னத் தீவு. பிளேனில் கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். அங்கே ஹோட்டலில் தங்கி, விசா பேப்பர் பேக்ஸில் வந்ததும் அடுத்த பிளேனில் திரும்பிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அண்ணாச்சி கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தார். “ரெண்டு நாளு. வந்துருவேன்” என்று அக்கா அவர் தலைமாட்டில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் அவரைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போக வேண்டும். பகலெல்லாம் அவர் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

இரண்டு நாள் என்று போன நாங்கள் ஒரு வாரத்தைத் தாண்டியும் அங்கேயே இருந்தோம்.

கடலோரத்தில் ஒரு ஹோட்டல். ஒரு அறையில் அடுக்குக் கட்டில்கள், பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ் பெண்கள். எல்லோருக்கும் தலையில் துணி, கணுக்கால் வரை அங்கி. கீழே ஒரு கவுண்டர். பேக்ஸ் வந்தால் ஈரானி ஒருவர் பேப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு பேர் பேராகக் கூப்பிடுவார். பேர் வந்தவர்கள் குதிப்பார்கள், அழுவார்கள். வராதவர்கள் படியேறி அறைக்குப் போவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அந்தத் தீவில் இருக்க விடமாட்டார்கள், விசா வராதவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று அறையில் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வர எத்தனை மாதமோ. அக்காவுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது. ரோலாவில் கிடக்கிறவரை யார் பார்ப்பது?

ஆனாலும் கவுண்டர் பக்கம் ஒரு நாளும் வரமாட்டாள். வாசலுக்கு வெளியே ஈச்ச மரத்தடியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

“நீ போய்ப் பாத்துட்டு வா. என் பேரு வந்துச்சா, இல்லையா. அந்த ஒத்த வார்த்தைதான் எனக்கு வேணும். அங்கன யாரு அழுதா, யாரு சிரிச்சா, அந்தக் கதையெல்லாம் இங்கன கொண்டாராத.”

கூட்டத்துக்குள் போனாலே எனக்கு வேர்க்கும். ஒரு தூணில் ஒட்டிக்கொண்டு இரண்டு பேருக்காகவும் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து தலையை இடமும் வலமும் ஆட்டுவேன். “சரி, வா, சாயா குடிப்போம்” என்று எழுந்துவிடுவாள். வேறு எதுவும் கேட்கமாட்டாள். நானும் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன். “அண்ணாச்சிக்குக் காய்ச்சல் அடிக்குது. கட்டுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி வலிக்குதுங்கறாரு. ரெண்டு பேருக்கும் விசா போட்டாச்சுன்னுதான் ஸ்கூல் ஆபீஸ்ல சொல்றாங்க. அங்க வந்திருக்கணுமே?” என்றார்.

“வரலைங்க. நான்தான் தினமும் கேக்கறேனே.”

அக்கா தள்ளி நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை நீட்டியபோது வாங்கவில்லை. மேலே போய், நல்லாயிருந்த தலைத்துணியைத் துவைத்துப் போட்டாள்.

பிறகு என் பேர் வந்தது. மறுநாள் மாலை பிளேனில் எனக்கு இடம் போட்டுவிட்டார்கள். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அக்காவுக்கோ தீவில் இருக்க இன்னும் இரண்டே நாள் பாக்கி. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மரத்தடியில் நின்றேன். அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“வந்துட்டா ஒனக்கு?”

“ம்.”

“நல்லது. மகராசியாப் போ.” கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினாள். “நாளைக்குப் பகல்ல இந்த ஊரச் சுத்திப் பாத்துருவோமாட்டி?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இப்பவாக்கா? நாம வெளிய போற நேரத்துல உங்க பேரக் கூப்பிட்டா?”

“இங்கன இருந்தா கூப்பிடுதானா கூப்பிடுதானான்னு காது அங்கயே கெடக்கும். வண்டில போனா காத்தாவது அடிக்கும்லா.”

மறுநாள் காலையில் கவுண்டரில் ஒரு தடவை பேர் வாசித்தார்கள். அக்காவின் பேர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மினி வேனில் கிளம்பினோம். எங்களோடு மூன்று பிலிப்பைன்ஸ் பெண்கள். டிரைவர் முன்பு துபாய் கிரீக்கில் லாஞ்சுப் படகில் வேலை பார்த்தவராம், பாதி இந்தி, பாதி அரபி பேசினார். பிளேன் மாலையில்தானே, நாலு மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன், மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது.

முதலில் ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போனார். நம் ஊர் ஆலமரம் மாதிரி விழுது இறங்கிய மரம். வேண்டுதலுக்குத் துணி கட்டியிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் பெண்களும் கட்டினார்கள். அக்கா கட்டவில்லை. “கட்டிட்டு, நடந்துச்சா இல்லையான்னு வேற பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றாள்.

பிறகு நிலத்துக்கு அடியில் ஒரு இடம். பழைய காலத்தில் தண்ணீர் ஓடிய சுரங்கமாம். படியிறங்கிப் போனால் குளுகுளுவென்று இருந்தது. சுவரில் கையை வைத்தால் சிப்பி சிப்பியாகத் தட்டுப்பட்டது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு மேலே ஹோட்டலில் என்ன நடக்கிறதோ என்றே இருந்தது. வேன் கிளம்பும்போதெல்லாம் டிரைவரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்ப்பேன். அக்கா ஜன்னலைத் திறந்து முகத்தில் காற்று வாங்கிக்கொண்டே வந்தாள். ரோட்டோரம் மான்கள் நின்றதைப் பார்த்து, “எம்மா, இதுவளுக்கு விசா வேண்டாம் போல” என்றாள். சிரித்தாள். ஆனால் அவள் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியாகக் கப்பல். கிரேக்கக் கப்பல் என்றார் டிரைவர். எங்கள் பிறப்புக்கெல்லாம் முன்னால் வழிதவறி வந்து கரைக்குப் பக்கத்தில் தட்டி நின்றுவிட்டதாம். இழுத்துப் பார்த்தும் அசையவில்லையாம், ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கரையிலிருந்து கல்லெறிகிற தூரத்தில், துருப்பிடித்து, வயிற்றில் ஓட்டைகளோடு நின்றது. ஓட்டை வழியாக அந்தப் பக்கக் கடல் தெரிந்தது.

“சூரியன் இறங்கும்போது பார்க்கணும், அதுதான் அழகு” என்று டிரைவர் பாய் விரித்து ஒரு பிளாஸ்க்கைத் திறந்தார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். மணி மூன்றரை தாண்டியிருந்தது. ‘என் பிளேன் போய்விடும்’ என்று சொல்ல நாலடி வைத்தேன், அவர் நிமிர்ந்து பார்த்ததும் “டாய்லெட் எங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்கா பாறையில் உட்கார்ந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. அப்படி அவளை நான் பார்த்ததில்லை.

“ஊருக்கு அனுப்பிட்டான்னா அவிய காலு என்னாவும்னு நெனைக்கேன்” என்றாள், கப்பலிடம் சொல்கிற மாதிரி. “புண்ணு வச்சிருந்தாலும் சொல்லமாட்டாவ. தண்ணிகூட கேக்கமாட்டாவ.”

அவளைச் சிரிக்க வைத்தால் போதும் என்று இருந்தது.

“இந்தக் கப்பலப் பாத்தா எனக்குக் கவுண்டர்ல பேரு கூப்பிட்டும் வராத ஒரு ஆளு ஞாபகந்தான்க்கா வருது. நாலு நாளா அந்த இரானி கூப்பிடறான். விசா வந்து கெடக்குது, ஆளையே காணோம். எங்க போய்த் தூங்கறானோ. பாதிப் பேரு இப்பச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த இரானி வாயில நம்ம ஊர்ப் பேரு வேற.”

“என்ன பேரு?”

“மாடசாமி.”

அக்கா திரும்பவில்லை. முட்டி ஆடுவது நின்றுவிட்டது.

“இன்னொருக்கச் சொல்லு.”

“மாடசாமி. ஏன்க்கா?”

“எங்க அப்பா பேருட்டி அது.”

எனக்குப் புரியவில்லை. அவள் அங்கிக்குள் கையை விட்டு, துணிப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் மடியில் போட்டாள். “பாரு” என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேல் வரியில் அப்பா பேர், அதற்குக் கீழ் வரியில் அவள் பேர். நமக்கெல்லாம் குடும்பப் பேர் ஏது? பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த வரியில் எதையாவது எழுதச் சொல்லுவார்கள். என்னுடையதில் அந்த இடம் காலியாக இருந்தது, என் பேர் என் பேராகவே வந்தது. அவளுடையதில் அப்பா பேரை எழுதிவிட்டார்கள். அந்த ஈரானி கூட்டத்தில் முதல் வார்த்தையை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பேப்பருக்குப் போயிருக்கிறார். நான் அக்காவின் பேருக்காகத் தூணில் ஒட்டி நின்றிருக்கிறேன். அக்கா ஒரே ஒரு நாள் உள்ளே வந்து நின்றிருந்தால் முதல் கூப்பாட்டிலேயே திரும்பியிருப்பாள்.

அவள் எழுந்த வேகத்தில் செருப்பு ஒன்று பாறை இடுக்கில் விழுந்தது. எடுக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு டிரைவரிடம் போனாள்.

“பாய், யல்லா! சலோ! ஹோட்டல்!”

“சன்செட், மேடம்…”

“ஒன் சன்செட்டக் கொண்டு கடல்ல போடு! மேரா விசா உதர்! மேரா ஆத்மி பீமார்! ஜல்தி!”

விசா அங்கே கிடக்கிறது, புருஷனுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த இந்தியில் கொட்டிக்கொண்டே அவள் பிளாஸ்க்கை மூடி, பாயைச் சுருட்டி, வேனுக்குள் எறிந்துவிட்டாள். பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு விசா என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

வழியெல்லாம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பாதித் தூரம் வந்ததும் பிடி தளர்ந்தது. பழையபடி ஆகிவிட்டாள்.

“நாலு நாளு வச்சிருப்பானாட்டி? திருப்பி அனுப்பியிருப்பான். கிழிச்சிருப்பான்.”

“இருக்கும்க்கா.”

“நான் வாசல்ல நிக்கேன். நீ போய்க் கேட்டுட்டு வா.”

ஹோட்டலில் மாலைப் பிளேனுக்குப் போகிறவர்கள் பையும் பெட்டியுமாக நின்றார்கள். கவுண்டர் தெரியாத அளவுக்குக் கூட்டம். நான் நுழைந்தேன். அந்த ஆளுக்கு எதிரே வந்தும்விட்டேன். அவர் கையில் பேப்பர் எதுவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். “சார்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. என்னைத் தாண்டி ஒரு கை நீண்டது, இன்னொருவர் ஏதோ கேட்டார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் இழுப்பறையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு எழுந்தார்.

“மாடசாமி!”

கூட்டம் முழுக்கத் திரும்பியது.

“மாடசாமி! மாடசாமி இங்கன நிக்கேன்!”

ஒற்றைச் செருப்போடு, தலைத்துணி கழுத்தில் கிடக்க, பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். யார் யாரையோ முழங்கையால் தள்ளினாள். மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். கவுண்டர்க்காரரும் சிரித்துவிட்டார்.

“யூ? மாடசாமி? மேடம்?”

“நாந்தான். மை பாதர். மை பாதர் மாடசாமி.”

அவர் இழுப்பறையை மறுபடி திறந்தார். அடியிலிருந்து ஒரு மடங்கிய பேப்பரை எடுத்து, பாஸ்போர்ட்டோடு வைத்துப் பார்த்தார். அக்கா கண்ணை மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. அவர் விரல் எழுத்து எழுத்தாக நகர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலைப் பிளேனில் இடமில்லை என்றார். மறுநாள் காலைப் பிளேனில் எழுதிக் கொடுத்தார். “காலைலயா? கண்டிப்பா? எத்தன மணி?” என்று அவளே கேட்டாள். அவர் சொன்னதை அவர் வாயாலேயே இரண்டு தடவை சொல்ல வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏர்போர்ட் பஸ் ஹாரன் அடித்தது. “ஓடுட்டி” என்று என் முதுகில் ஒரு அடி போட்டாள்.

நான் ரோலா வந்து சேர்ந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பையை வாங்கும் முன்னாலேயே அண்ணாச்சி உள்ளிருந்து கூப்பிட்டார். திரையை விலக்கினேன். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

“நாளைக்குக் காலைல வந்துருவாங்க அண்ணாச்சி. விசா கைக்கு வந்துருச்சு.”

“யாரு போய் வாங்குனா? நீயா தங்கச்சி?”

“அக்காதான். கவுண்டர்ல அவங்களே நின்னு கேட்டு வாங்கினாங்க.”

“அவளா?”

“ஆமா.” நடந்ததைச் சொன்னேன். மாடசாமி என்று கூப்பிட்டதையும், அக்கா நாந்தான் என்று கத்தியதையும் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“அவ அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்போ இவ இங்கதான் இருந்தா தங்கச்சி. போன தடவ வந்திருந்தப்போ. ஊர்லருந்து போனு மேல போனு. எடுக்கமாட்டேன்னு உக்காந்துட்டா. நான் டூட்டி முடிஞ்சு வந்து எடுத்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு.” கொஞ்ச நேரம் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். “கடைசி வரைக்கும் அவ பேசுதாளா, அவ பேசுதாளான்னுதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாராம். அத நான் இன்னும் இவகிட்டச் சொல்லல.”

அடுத்த தடுப்பில் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

“தம்பி,” என்று அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “இந்தக் கட்டிலக் கொஞ்சம் வாசலப் பாத்துத் திருப்பிப் போட முடியுமா?”

அந்தத் தடுப்பில் கட்டிலைத் திருப்ப இடம் கிடையாது. பெட்டிகளை எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்தோம். அரிசி மூட்டையை வெளியே வைத்தோம். பிறகு அவர் காலை நான் ஏந்திப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.